43 புள்ளிகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை கோயம்புத்தூரிலிருந்து பேரன் போன் செய்தான். ஆறாம் வகுப்பு படிக்கிறான். வழக்கமாகப் பாட்டியிடம்தான் பேசுவான். அன்று எடுத்த எடுப்பிலேயே, "தாத்தா, நீங்க அப்பாகிட்ட கொஞ்சம் சொல்லுங்க" என்றான்.

விஷயம் இதுதான். பள்ளியில் கால்பந்து அணிக்குப் பையன்களைத் தேர்வு செய்கிறார்கள். தேர்வானால் வாரத்தில் நான்கு நாள் காலை பயிற்சி. ட்யூஷன் இடிக்கும். அவன் அப்பா, அதாவது என் மகன், முடியாது என்று சொல்லிவிட்டான்.

"என்னடா சொன்னான் உங்க அப்பா?"

"படிப்பு முதல்ல, பந்து சோறு போடாதுன்னு சொன்னாரு."

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. அந்த வாக்கியம் என்னுடையது. 2002ஆம் ஆண்டு இதே பெண்ணாடத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் என் மகனிடம் சொன்னது. ஓர் எழுத்துகூட மாறாமல் இருபது வருடத்துக்கு மேல் கழித்து எனக்கே திரும்பி வந்திருக்கிறது.

அதைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப்போகிறேன்.

எங்கள் ஊரைச் சொன்னால் விவரம் தெரிந்தவர்கள் தூங்கானை மாடக் கோயிலைச் சொல்வார்கள். மற்றவர்கள் சர்க்கரை ஆலையையும் கரும்பு டிராக்டர்களையும் சொல்வார்கள். பந்துக்கும் பெண்ணாடத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கோடையில் வெள்ளாற்றில் தண்ணீர் வற்றியதும் மணலில் பையன்கள் இறங்கிவிடுவார்கள். இரண்டு பக்கமும் நட்ட குச்சிதான் கோல். மணலில் ஓடி ஓடி எல்லாருக்கும் கெண்டைக்கால் சதை கல்லு மாதிரி இருக்கும்.

என் மகன் அந்தக் கூட்டத்தில் ஒருவன். அவனுக்கும் அவன் சிநேகிதனுக்கும் சேர்த்து ஒரே ஜோடி ஷூ. வலது காலால் உதைப்பவன் இவன், அதனால் வலது ஷூ இவனுக்கு. இடது ஷூ அவனுக்கு. இன்னொரு கால் இரண்டு பேருக்கும் வெறுங்கால். நான் சம்பளக்காரன், இன்னொரு ஜோடி வாங்கித் தர முடியாதவன் இல்லை. வாங்கித் தந்தால் விளையாட்டு பெரிதாகிவிடும் என்று வாங்காமல் இருந்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கால்பந்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவனே நான்தான். ரயில்வேயில் புக்கிங் கிளார்க்காக விழுப்புரத்தில் இருந்தபோது ஜங்ஷன் ஹிக்கின்பாதம்ஸ் கடையில் 'ஸ்போர்ட்ஸ்டார்' வாங்குவது என் ஒரே ஊதாரிச் செலவு. 1985இல் இத்தாலியில் வெரோனா என்ற அணி சாம்பியன் ஆன கதையை நான் தெரிந்துகொண்டது அப்படித்தான். மகன் அப்போது கைக்குழந்தை. அவன் பெரியவனாகி, சோறு ஊட்ட ராஜா கதை கேட்ட வயதில் நான் சொன்னது அந்தக் கதையைத்தான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த 1984-85 பருவத்தில் உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் இத்தாலியில்தான் இருந்தார்கள். நாப்போலிக்கு மரடோனா அப்போதுதான் வந்திருந்தார். யுவென்டஸில் பிளாட்டினி, இன்டர் மிலனில் ரும்மெனிகே, உடினேசேயில் ஜீக்கோ, ஃபியோரென்டினாவில் சாக்ரடீஸ். வெரோனாவில் அப்படி ஒரு பெயரும் கிடையாது. ரோமியோ ஜூலியட் கதை நடந்ததாகச் சொல்கிற ஊர், அவ்வளவுதான். பயிற்சியாளர் ஒஸ்வால்டோ பன்யோலி, அதிகம் பேசாத மனிதர். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் இரண்டே பேர்: ஜெர்மனியின் பிரீகல், டென்மார்க்கின் எல்க்யார்.

முதல் ஆட்டமே மரடோனாவின் நாப்போலியோடு. வெரோனா 3-1 என்று ஜெயித்தது. மரடோனாவைக் கவனித்துக்கொண்ட பிரீகலே ஒரு கோலும் போட்டார். அடுத்த மாதம் யுவென்டஸோடு ஆடும்போது எல்க்யாருக்கு ஒரு கால் ஷூ கழன்றுவிட்டது. அவர் நிற்கவில்லை. ஷூ இல்லாத காலோடு பந்தை உள்ளே கொண்டுபோய் கோல் அடித்தார். என் மகனுக்குப் பிடித்த இடம் அதுதான். "ஷூ இல்லாமலாப்பா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பான்.

30 ஆட்டத்தில் 15 வெற்றி, 13 டிரா, 2 தோல்வி. அப்போது ஜெயித்தால் இரண்டு புள்ளிதான். மொத்தம் 43 புள்ளி. 1985 மே 12ஆம் தேதி பெர்கமோவில் அட்லான்டாவோடு 1-1 என்று டிரா செய்து, இன்னும் ஓர் ஆட்டம் பாக்கி இருக்கும்போதே பட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய முதல் பட்டம் அது. இன்றுவரை ஒரே பட்டமும் அதுதான்.

இப்படிக் கதை சொல்லி வளர்த்த அப்பாதான், பையன் பந்தைத் தூக்கிக்கொண்டு நிஜமாகவே ஓடியபோது பயந்துவிட்டேன்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்தவர்கள் பலரோடு வேலை பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் கால்பந்து என்றால் ஆபீஸ் அணிகள்தான். ஐ.சி.எஃப்., தென்னக ரயில்வே, இந்தியன் பேங்க், கஸ்டம்ஸ் என்று. நன்றாக ஆடினால் வேலை கிடைக்கும். முட்டி போனாலும் வேலை இருக்கும். என் பக்கத்து கவுன்டரில் ஒருவர் இருந்தார். நல்ல ஆட்டக்காரராக இருந்தவர், முப்பது வயதில் முட்டி போய், டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் எழுந்திருக்கவே சிரமப்படுவார். "சார், எனக்கு அதிர்ஷ்டம், வேலை இருக்கு. என்கூட ஆடினவங்க பாதிப் பேருக்கு ஒண்ணுமில்ல" என்று அவர் சொன்னது என் மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது.

2002இல் மகனுக்குக் கடலூரில் மாவட்ட ஜூனியர் அணித் தேர்வு வந்தது. அவன் பள்ளிக்கூடத்தில் மூன்று பேரை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். இவன் பெயர் முதல் பெயர். அன்றைக்கு அவனுக்கு இயற்பியல் திருப்புதல் தேர்வு. நான் அனுப்பவில்லை. அப்போது சொன்னதுதான் அந்த வாக்கியம்.

அவன் அழவில்லை, சண்டையும் போடவில்லை. வலது ஷூவை எடுத்துக்கொண்டு போய் சிநேகிதனிடம் கொடுத்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகு ஆற்றுக்குப் போகவில்லை. நன்றாகப் படித்தான், இன்ஜினியரிங் முடித்தான், கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் சேர்ந்தான். கல்யாணம், வீடு, குழந்தை எல்லாம் ஆயிற்று. எல்லாம் சரியாகத்தான் நடந்தது. நாங்கள் இரண்டு பேரும் கால்பந்தைப் பற்றி மட்டும் பதினாறு பதினேழு வருடம் பேசிக்கொள்ளவில்லை.

2019 மார்ச் முதல் வாரம் நானும் மனைவியும் கோயம்புத்தூர் போயிருந்தோம். 9ஆம் தேதி சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் மகன், "அப்பா, சாயங்காலம் மேட்ச் இருக்கு, வரீங்களா?" என்றான். நான் கிரிக்கெட் என்று நினைத்தேன்.

"சென்னை சிட்டி. ஜெயிச்சா சாம்பியன்" என்றான்.

அவன் அந்தப் பருவம் முழுக்க நேரு ஸ்டேடியத்துக்குப் போய்க்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மருமகளுக்குத் தெரியும், என் மனைவிக்கும் தெரியும். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

பஸ்ஸில் போகும்போது அவன்தான் எல்லாவற்றையும் சொன்னான். சென்னை சிட்டி எஃப்.சி. என்று பெயர், ஆடுவது கோயம்புத்தூரில். 2017 ஜனவரியில்தான் ஐ-லீக்குக்கே வந்த அணி. முந்தைய பருவத்தில் பத்து அணிகளில் எட்டாவது இடம். சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினிலிருந்து பெரிய பெயரில்லாத சில பேரைக் கொண்டுவந்தார்கள். சாண்ட்ரோ, நெஸ்டர், எஸ்லாவா, முன்னால் பெட்ரோ மான்ஸி. அவர்களோடு எட்வின், அஜித்குமார், ரொமாரியோ என்று நம் பையன்கள். அக்டோபர் 26ஆம் தேதி முதல் ஆட்டத்திலேயே மான்ஸி ஹாட்ரிக். ஈஸ்ட் பெங்காலை கொல்கத்தாவிலேயே போய் ஜெயித்தார்கள். அந்த ஊரில் கால்பந்து என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

"வெரோனா மாதிரிப்பா" என்றான். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

கடைசி நாள் நிலவரம் இப்படி. சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. சென்னை சிட்டி இங்கே மினர்வா பஞ்சாபோடு ஆடவேண்டும். மினர்வாதான் முந்தைய வருட சாம்பியன். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளாவோடு ஆடும். நாம் ஜெயித்தால் யாரையும் பார்க்கவேண்டியதில்லை. டிரா ஆகி அவர்கள் ஜெயித்தால் பட்டம் கொல்கத்தாவுக்கு.

நாங்கள் உட்கார்ந்து கடலைப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் மினர்வா கோல் போட்டுவிட்டது. மூன்றாவது நிமிடம். ஸ்டேடியமே அமைதியாகிவிட்டது. முதல் பாதி முழுக்க நம் ஆட்கள் பந்தை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார்கள், கோல் விழவில்லை. இடைவேளையில் 0-1.

கூட்டம் டீக்கு எழுந்து போனது. மகன் எழுந்திருக்கவில்லை. மைதானத்தைப் பார்த்தபடியே, "அன்னிக்கு கடலூர் போயிருந்தாலும் நான் செலக்ட் ஆயிருக்க மாட்டேன்பா. என் லெஃப்ட் கால் சுத்தமா வேலை செய்யாது" என்றான்.

பதினேழு வருடம் கழித்து அவனாகவே வந்து அந்த முடிச்சை அவிழ்க்கிறான், எனக்காகப் பொய்கூடச் சொல்கிறான் என்று புரிந்தது. ஏனென்றால் அவனை அனுப்பச் சொல்லிக் கேட்க வீட்டுக்கு வந்த பி.டி. மாஸ்டர், "சார், ரெண்டு காலும் பேசுது உங்க பையனுக்கு" என்றுதான் என்னிடம் சொன்னார். அதை நான் மகனிடம் சொன்னதே இல்லை. அன்றும் சொல்லவில்லை. "டீ குடிக்கிறியா?" என்று கேட்டேன்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பெனால்டி. மான்ஸி அடித்தார், 1-1. அந்தப் பருவத்தில் அவருக்கு அது 21ஆவது கோல். பிறகு கௌரவ் போரா என்கிற தடுப்பாட்டக்காரர் ஒன்று போட்டார், 2-1. பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு வாலிபர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கோழிக்கோட்டில் கோகுலம் கோல் போட்டுவிட்டது என்று போனைப் பார்த்து ஒருவர் கத்தினார், அதற்கும் ஆரவாரம். ஆனால் அது நிலைக்கவில்லை. ஈஸ்ட் பெங்கால் ஒன்று போட்டது, பிறகு இன்னொன்றும் போட்டு முந்திவிட்டது. இனி மினர்வா ஒரே ஒரு கோல் போட்டால் போதும், எல்லாம் போய்விடும்.

கடைசிப் பத்து நிமிடம் நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. என் மகன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்து நான்கு வயசு ஆள். நெற்றி முடி கொஞ்சம் ஏறிவிட்டது. ஆனால் வாயைத் திறந்துகொண்டு, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, 'ஷூ இல்லாமலாப்பா' என்று கேட்ட அதே முகம். 90 நிமிடமும் தாண்டியபிறகு போரா இன்னொரு கோல் போட்டார். 3-1. அவ்வளவுதான். ஐ-லீக்கை ஜெயித்த முதல் தமிழ்நாட்டு அணி.

20 ஆட்டம், 13 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி. மொத்தம் 43 புள்ளி. ஈஸ்ட் பெங்கால் 42. வீட்டுக்குத் திரும்பும்போது கணக்குப் பார்த்துவிட்டு மகனிடம் சொன்னேன், "வெரோனாவுக்கும் 43தான்டா." அவனுக்கு ஏற்கெனவே தெரியும். சிரித்தான். புள்ளி கொடுக்கும் கணக்கு வேறு, ஆட்ட எண்ணிக்கை வேறு, ஆனாலும் எங்கள் இரண்டு பேருக்கும் அது பெரிய விஷயமாக இருந்தது.

இங்கேயே முடித்தால் நல்ல கதை. ஆனால் நடந்தது வேறு.

ஏப்ரலில் புவனேஸ்வரத்தில் சூப்பர் கோப்பையில் சென்னை சிட்டி, அந்த வருட ஐ.எஸ்.எல். சாம்பியனான பெங்களூருவை 2-1 என்று ஜெயித்தது. அதுதான் கடைசிப் பெரிய சந்தோஷம். அடுத்த பருவத்திலிருந்து ஐ.எஸ்.எல்.தான் நாட்டின் முதல்நிலைத் தொடர் என்றாகிவிட்டது. ஜெயித்த லீக்கே ஒரு படி கீழே இறங்கியது. சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது, அதனால் ஏதாவது நடக்கும் என்று மகன் நம்பினான். 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீகின் முதல்கட்டத் தகுதி ஆட்டத்தில் பஹ்ரைனின் அல் ரிஃபாவிடம் 0-1 என்று தோற்றார்கள். மான்ஸி ஜப்பானுக்குப் போய்விட்டார். எட்வின் சென்னையினுக்கு, ரொமாரியோ கோவாவுக்கு, அஜித்குமார் பெங்களூருவுக்கு. பிறகு கொரோனா. 2021-22 ஐ-லீக் அட்டவணை வந்தபோது அதில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை.

அன்று இரவு மகன் போன் செய்தான். "நீங்க சொன்னது சரிதான்பா. பந்து சோறு போடாது. ஜெயிச்ச டீமே இல்லாமப் போயிடுச்சு" என்றான்.

சர்வீஸில் இருந்த காலத்தில் நான் சொன்னது சரி என்று மேலதிகாரி ஒருவர் சொல்லமாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன். என் மகன் சொன்ன அன்று அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

இப்போது அதே வாக்கியத்தை அவன் தன் பிள்ளைக்குச் சொல்கிறான். என்னிடம் பயம் மட்டும்தான் இருந்தது. அவனிடம் ஆதாரமும் இருக்கிறது. அதனால் அவனிடம் வாதாடுவது கஷ்டம். இருந்தாலும் ஒரு வாரமாக யோசித்து வைத்ததைச் சொல்கிறேன்.

வெரோனாவும் ஒன்றும் சுகமாக வாழ்ந்துவிடவில்லை. பட்டம் வாங்கி ஐந்து வருடத்தில் 1990இல் கீழ் டிவிஷனுக்கு இறங்கினார்கள். 1991இல் கிளப் திவாலானது. பிறகு மூன்றாவது டிவிஷன் வரைக்கும் விழுந்தார்கள். அங்கிருந்து ஏறி 2013இல் மறுபடி மேலே வந்தார்கள். நடுவில் கிளப்பே இல்லாமல் போயிருக்கலாம். போகாததற்குக் காரணம், அந்த ஊர் ஜனங்களுக்கு அது தங்களுடையது. அப்பா மகனைக் கூட்டிக்கொண்டு போனார், மகன் அவன் மகனைக் கூட்டிக்கொண்டு போனான்.

சென்னை சிட்டிக்கு அப்படி ஒரு ஊர் வாய்க்கவில்லை. பெயர் ஒரு ஊர், மைதானம் ஒரு ஊர். கோயம்புத்தூர் அதைத் தன் அணியாக நினைக்கத் தொடங்கும்போதே கதை முடிந்துவிட்டது. அந்தக் காலத்து ஆபீஸ் அணிகளுக்குப் பின்னால் ஆபீஸ் இருந்தது. இத்தாலி அணிக்குப் பின்னால் ஊர் இருந்தது. இதற்குப் பின்னால் இரண்டும் இல்லை. ஆட்டக்காரர்கள் மேல் ஒரு குற்றமும் கிடையாது. அவர்கள் ஜெயித்தார்கள். 43 புள்ளி யாரும் தானமாகக் கொடுத்ததில்லை.

என் மகன் இந்தப் பதிவுகளைத் தவறாமல் படிப்பவன். போனில் சொன்னால் "சரிப்பா, பாக்கலாம்பா" என்று வைத்துவிடுவான். அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

தம்பி, பந்து சோறு போடாது. அது இன்றைக்கும் உண்மைதான். ஆனால் அன்றைக்கு நீ என்னிடம் சோறு கேட்கவில்லை. ஒருநாள் லீவுதான் கேட்டாய். திருப்புதல் தேர்வு மதிப்பெண் எங்கேயும் போய்ச் சேராது, கட்-ஆஃபில் வராது, சர்டிஃபிகேட்டில் வராது. அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் உன்னை அனுப்பவில்லை. அங்கே போய் நீ தேர்வாகிவிடுவாயோ என்றுதான் எனக்குப் பயம். உன் மாஸ்டர் என்னிடம் சொன்னது, உனக்கு இரண்டு காலும் பேசும் என்று. உன் லெஃப்ட் காலைப் பற்றி நீ ஸ்டேடியத்தில் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும்.

பேரனுக்கு ஷூ அளவு என்ன என்று உன் அம்மா கேட்கச் சொல்கிறாள். இரண்டு காலுக்கும் சேர்த்து.